தங்கத்தில் மூன்று கோடு

பெகு வண்டி ரங்கூன் ஸ்டேஷனில் வந்து நின்றதும் மற்ற ஜனங்கள் கதவைப் பார்த்து ஓடுவார்கள். அப்பாசாமி இஞ்சினைப் பார்த்து நடப்பார். தோளில் கிடக்கிற துணியை உருவி, ஒவ்வொரு பெட்டிக் கதவின் முன்னாலும் நின்று, அதில் போட்டிருக்கிற வகுப்புக் கோட்டைத் துடைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஓரத்தை நகத்தால் நெருடுவார். திருப்தியானால் "ம்" என்பார். இல்லாவிட்டால் கதவில் ஒரு தட்டுத் தட்டி, "திங்கக்கெழம கொட்டாய்க்கு வா, ஒன்னயக் கவனிச்சிக்கிறேன்" என்று பெட்டியிடமே சொல்லிவிட்டு நகர்வார். இஞ்சின் தொடங்கிக் கார்டு வண்டி வரைக்கும் இந்தப் பவனி நடக்கும்.

இதை எழுதுகிறவனுக்கு இதிலே வருஷக் கணக்கில் தீராத ஆத்திரம். இவனுடைய தம்பி பெகுவில் கடை வைத்திருக்கிறான். அப்பாசாமியின் மச்சினி சொர்ணம்மாள் வாழ்க்கைப்பட்டிருப்பதும் அங்கேதான். ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து போவது வழக்கம். சேர்ந்து போய் என்ன லாபம்? அந்த மனுஷன் பவனியை முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்பில் ஆள்மேல் ஆள் ஏறிவிடும். கோழிக்கூடை ஏறிவிடும், வாழைத்தார் ஏறிவிடும், பர்மாக்காரியின் ஙாப்பிப் பானையும், அந்த அழுகல் மீன் விழுது, ஏறி நாற ஆரம்பித்துவிடும். முன்னாலேயே போய் இடம் பிடிக்கலாம் என்றால் சட்டையைப் பிடித்து நிறுத்துவார். "இருங்க ராவுத்தரே, வண்டி எங்க ஓடிப்போவுது? நம்ம வண்டிதானே!" நம்ம வண்டியாம்! பெகு வரைக்கும் ஒரு தடவையாவது உட்கார்ந்து போனதாக இவனுடைய கால்களுக்கு ஞாபகமில்லை.

பசுண்டாங் பக்கத்து வண்டிக் கொட்டகையில் அப்பாசாமிக்கு எழுத்துப் பெயிண்டர் வேலை. இதை எழுதுகிறவனும் அதே கொட்டகைதான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிரேக் பார்க்கிறவன். அவருக்குக் கதவு, இவனுக்கு அடிவயிறு. பழுது பார்க்க வருகிற பெட்டிகளின் கதவில் வகுப்புக் கோட்டைப் புதுப்பிப்பதுதான் அவருடைய உத்தியோகம். முதல் வகுப்புக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. முதல் வகுப்புக் கோட்டுக்குத் தங்கத் தாள் ஒட்ட வேண்டும். மற்ற இரண்டுக்கும் வெறும் மஞ்சள் பெயிண்டு. கோடு போடுவதில் என்ன பிரமாதம் என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் மத்தியானச் சோறு தின்னாமல் நின்று கேட்க வேண்டி வந்திருக்கிறது.

வேலைக்கு முன்னால் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். மற்ற பெயிண்டர்கள் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்வார்கள், இவர் போட்டுக்கொண்டு செய்வார். நூலின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிக் கதவில் தொங்க விடுவார். அது ஆடி ஓயும்வரை தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முதல் வகுப்புக்கு எப்படியோ அப்படியேதான் மூன்றாம் வகுப்புக்கும். போர்மேன் ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் முரடு. "கூலி வண்டிக்கு என்ன மேன் இவ்வளவு நேரம்?" என்று அவர் அதட்டினால் அப்பாசாமி தூரிகையை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்வார். "தொரை வண்டில கதவத் தொறந்து விட ஆளு நிக்கிறான். அவரு கோட்டப் பாக்கறதேயில்ல. எங்காளு பாத்துத்தாங்க ஏறணும்."

அப்பாசாமியின் தம்பி சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய் வந்தவன். அவன் கொண்டுவந்த ஒரு சேதியை அப்பாசாமி இன்றைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். "பட்டாளத்துல கையில ஒரு கோடு போட்டவன் லான்ஸ் நாயக்கு. மூணு கோடு போட்டவன் அவுல்தாரு. ரயிலுக்கு மட்டும் ஏன் தலகீழாப் போவும்? மூணாங் கிளாசுதான்யா அவுல்தாரு! வெள்ள டிக்கெட்டுல ரெண்டு தொரை, ஒரு நாயி. அவ்வளவுதான் பெட்டியில. நம்ம மஞ்ச டிக்கெட்டுல பாருங்க, ஒரு ஊரே போவுது. ஒரு வெள்ள டிக்கெட்டு வெலைக்கு ஒரு குடும்பமே மாந்தளை போயித் திரும்பிடும். ஆனா இஞ்சினுக்குக் கரி போடறது யாரு காசு? தொரை காசா? போங்க ராவுத்தரே!"

இந்தப் பெருமை பேச்சிலும் ஏறிவிட்டது. அவருக்கு நல்லதெல்லாம் மூணாங் கிளாசு, மட்டமானதெல்லாம் ஒன்னாங் கிளாசு. பழகினவர்களுக்குத் தெரியும். புதியவர்கள்தான் பாவம். லான்மடாவில் அப்துல் சமது புதிதாகச் சாயாக் கடை போட்டபோது, அப்பாசாமி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அட, சுத்த மூணாங் கிளாசு!" என்று தொடையைத் தட்டினார். அப்துல் சமது கோப்பையைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டான். "காச வச்சிட்டு எந்திரி. ஒன்ன மாதிரி ஆளுக்கு ஊத்தறதுக்குப் பாலா வாங்கியாந்திருக்கேன்?" இதை எழுதுகிறவன் நடுவில் புகுந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் கோப்பை திரும்பி வந்தது. இப்போது அந்தக் கடையில் ஸ்டிராங் சாயாவுக்கே 'மூணாங் கிளாசு' என்று பேர்.

இவ்வளவு பேசுகிறவருக்கு வீட்டிலேயே ஒரு எதிரி உண்டு. வேலம்மா. பசுண்டாங் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற அம்மாள். நியாயத்துக்கு நிறுப்பாள், அநியாயத்துக்குப் பேசுவாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பெகுவுக்கு மூன்றாம் வகுப்பில் போனாள். வழியில் எவனோ அவள் மடியில் கோழிக்கூடையை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். அன்றைக்கு உடுத்தியிருந்தது கூறைப் புடவை. அதோடு சரி. "நீங்க தங்கம் பூசற பெட்டியில என்னய ஏத்துங்க. அப்ப வர்றேன். அதுவரைக்கும் ஒங்க அவுல்தாரு வண்டில நீங்களே போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லில் நின்றும் விட்டாள். தங்கை சொர்ணம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது தத்தித் தத்தி நடக்கவும் தொடங்கிவிட்டது. பெரியம்மா இன்னும் முகம் பார்க்கவில்லை. மாதா மாதம் கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் புருஷன் கையில் கொடுத்தனுப்புவாள். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பெகு வரைக்கும் நின்றே போவார்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு பழைய முதல் வகுப்புப் பெட்டி கொட்டகைக்கு வந்தது. முதல் வகுப்புப் பெட்டிக்குக் கிழடு தட்டினால் அதை மூன்றாம் வகுப்பாக்கிவிடுவது கம்பெனியின் பழக்கம். தோல் மெத்தையைப் பிடுங்கினார்கள். நடுத்தடுப்பை எடுத்துவிட்டுப் பலகை பெஞ்சு அடித்தார்கள். பெரிய ஜன்னலும் கண்ணாடியும் மட்டும் மிஞ்சின. கோட்டைச் சுரண்டிவிட்டு மூன்று கோடு போடச் சொல்லி அப்பாசாமிக்கு உத்தரவு வந்தது.

அவர் அந்தக் கதவு முன்னால் வெகுநேரம் நின்றார். அந்தத் தங்கக் கோடு அவர் கை போட்டதுதான். இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் ஓரம்கூடப் பிரியவில்லை.

"இத எதுக்கு ராவுத்தரே சொரண்டணும்? இது நின்னுட்டுப் போவுது. பக்கத்துல ரெண்டு போட்டா மூணாயிடுது."

"ஒண்ணு தங்கம், ரெண்டு மஞ்சளா? பல்லு போன வாயாட்டம் இருக்கும்" என்றான் இதை எழுதுகிறவன், வண்டிக்கு அடியிலிருந்து.

"யாரு மஞ்சன்னு சொன்னா?"

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. பெரிய பயாவின், அந்தப் புத்தர் கோயிலின், படிக்கட்டுக்குப் போயிருந்தார். அங்கே பர்மாக்காரிகள் சாமிக்கு ஒட்டுவதற்காகத் தங்கத் தாள் விற்பார்கள் அல்லவா? அவர்களில் ஒருத்தியிடம் தன் சொந்தக் காசைக் கொட்டிக் கட்டுக் கட்டாக வாங்கியிருக்கிறார். இவ்வளவு தங்கம் எந்த பயாவுக்கு என்று அவள் கேட்டாளாம். "எங்க பயாவுக்குச் சக்கரம் உண்டு" என்று இவர் தமக்குத் தெரிந்த பர்மாப் பேச்சில் சொன்னாராம். அவள் சிரித்துவிட்டுக் கூட ஒரு தாள் போட்டுக் கொடுத்தாளாம்.

போர்மேன் வந்து பார்த்தபோது எல்லாக் கதவிலும் மூன்று மூன்றாகத் தங்கக் கோடுகள் பளபளத்தன. கொட்டகையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டு மேன் இதைச் செய்தாய்?"

"உத்தரவுல மூணு கோடுன்னு இருந்திச்சுங்க. மூணு போட்டுட்டேன்."

"தங்கம்?"

"எங்காசுங்க. கம்பெனித் தங்கம் ஒரு பொட்டு எடுக்கல. தங்கம் கூடாதுன்னு உத்தரவுல இருக்குதுங்களா?"

போர்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வண்டி அந்தச் சனிக்கிழமை பெகுப் பாதைக்குப் போயாக வேண்டும். "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிட்டார். கொட்டகையை விட்டு அந்தப் பெட்டி வெளியே நகர்ந்தபோது அப்பாசாமி பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி ரயில் பாதை ஓரமாகக் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார்.

திங்கட்கிழமை சேதி வந்தது. தங்கக் கோட்டுப் பெட்டியில் ஒரு குஞ்சுகூட ஏறவில்லை. மற்ற மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் தொங்கிக்கொண்டு போக, இது மட்டும் காலியாகப் பெகு போய்க் காலியாகவே திரும்பியிருக்கிறது. நம் ஜனங்கள் கோட்டை எண்ணிப் பார்க்கிறவர்களா? தங்கம் மினுங்கினால் அது துரை வண்டி. கிட்டே போனால் அடி விழும். கப்பலை விட்டு இறங்கின அன்றைக்கே அவர்கள் படிக்கிற பாடம் அது. வண்டியின் கார்டு இதைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டான். போர்மேன் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். "வருகிற சனிக்கிழமையும் காலியாகப் போனால் தங்கத்தை நீயே சுரண்ட வேண்டும். அதற்கப்புறம் உனக்குக் கதவு வேலை கிடையாது. கூட்ஸ் வண்டிக்குத் தார் பூசப் போ."

தார் பூசுவது அவருக்கு உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது. "ஏறலியாமே ராவுத்தரே? ஒருத்தன்கூடவா ஏறல?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் அப்துல் சமது மூணாங் கிளாசு சாயா கொண்டுவந்து வைத்தான். பாதி குடித்துவிட்டு, "இன்னிக்கு ஒன்னாங் கிளாசா இருக்குடா" என்று எழுந்து போய்விட்டார். அப்துல் சமது கெட்டிலைத் திறந்து திறந்து பார்த்தான்.

அந்த வாரம் அவர் வீட்டில் நடந்த பேச்சுக்கு இதை எழுதுகிறவன் சாட்சி.

"வேலம்மா, சனிக்கெழம பெகு போறோம். தங்கம் பூசின வண்டி."

"எந்தத் தொரை டிக்கெட்டு எடுத்துக் குடுத்தான்?"

"மஞ்ச டிக்கெட்டுதான்."

"மஞ்ச டிக்கெட்டுக்குத் தங்க வண்டியா! ராவுத்தரண்ணே, இவுருக்குப் பெயிண்டு வாடை தலைக்கு ஏறிடுச்சா?"

"நெசந்தான் தங்கச்சி" என்றான் இவன். "ஆனா ஏறத்தான் ஆளில்ல. நாளைக்கு அதச் சொரண்டச் சொல்லிட்டாங்கன்னா ஒம் புருசன் கையில தார்ச்சட்டிதான்."

அவள் கருவாட்டை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தலையைத் தூக்காமல் கேட்டாள். "அந்தப் பச்சப்புள்ளைக்கு என்ன வாங்கிட்டுப் போவலாம்?"

சனிக்கிழமை. ரங்கூன் ஸ்டேஷனில் கொள்ளாத கூட்டம். முந்தின நாள் கப்பல் வந்திருந்தது. வடிவேல் மேஸ்திரி தம் ஆட்களை ஆட்டு மந்தை மாதிரி வளைத்துக்கொண்டு நின்றார். அறுவடைக்குக் கூட்டிப் போகிற ஆட்கள். மூட்டையும் முடிச்சுமாக நின்ற அவர்கள் கண்ணில் இன்னும் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் தங்கக் கோட்டுப் பெட்டி வந்து நின்றது. கூட்டம் அதன் முன்னால் மட்டும் இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் மற்ற பெட்டிகளுக்குப் பாய்ந்தது. கொஞ்ச தூரத்தில் போர்மேன் தூணில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்தார்.

அன்றைக்குப் பவனி இல்லை. அப்பாசாமி அந்தக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். "வாங்க, வாங்க! நம்ம வண்டி! மூணாங் கிளாசு! மூணு கோடு, அவுல்தாரு வண்டி! ஏறுங்கப்பா!"

ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"டேய், அங்க பாக்காதீங்க!" வடிவேல் மேஸ்திரி ஆட்களை அதட்டினார். "தொரை வண்டிடா அது. கால வச்சா முதுகுத் தோலு போயிடும். இந்தாளு ஏத்தி விட்டுட்டு ஓடிருவான், போலீசுக்கு நான் பதில் சொல்லணும்." பிறகு அப்பாசாமியைப் பார்த்து, "யோவ் பெயிண்டரு, அவ்வளவு தைரியமிருந்தா மொதல்ல ஒம் பொஞ்சாதிய ஏத்திப் பாரேன்!" என்றார். கூட்டம் சிரித்தது.

வேலம்மா அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்திருந்த அந்தக் கூறைப் புடவையைக் கட்டியிருந்தாள். கருவாட்டுப் பொட்டலத்தைப் புருஷன் கையில் திணித்துவிட்டுக் கதவண்டை போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சந்தையில் எண்ணத் தெரியும். ஆள்காட்டி விரலைத் தங்கக் கோட்டின்மேல் வைத்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஏறினாள். துரைமார் உட்கார்ந்த அந்தப் பெரிய ஜன்னலோரமாய் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"யோவ் மேஸ்திரி! ஏறிட்டேன், பாத்துக்க! மூணு எண்ணத் தெரியாத நீ எப்படிய்யா ஆளு எண்ணிக் கூட்டிட்டுப் போறே? வழியில நாலு பேரத் தொலைச்சாலும் ஒனக்குத் தெரியாதே!"

இப்போது சிரிப்பு மேஸ்திரி பக்கம் திரும்பியது. அவருடைய ஆட்களே சிரித்தார்கள். ஒருவன் மெல்ல முன்னால் வந்து கதவைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். அடி விழவில்லை. விரலை வைத்து எண்ணினான். மூன்றுதான். "ஏ, மூணுதாண்டா!" என்று கூவினான். அப்புறம் கேட்க வேண்டுமா! மூட்டை ஏறியது, முடிச்சு ஏறியது, பர்மாக்காரி ஒருத்தி பானையோடு ஏறினாள், கோழிக்கூடையும் ஏறியது. ஏறுகிறவன் ஒவ்வொருவனும் தங்கத்தில் ஒரு விரல் வைத்துவிட்டுத்தான் ஏறினான். கடைசியில் வடிவேல் மேஸ்திரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினார்.

போர்மேன் சுருட்டைக் காலடியில் போட்டு மிதித்தார். பெட்டியை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அப்பாசாமியைப் பார்த்து ஒரு விரலால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பாசாமி ஜன்னலுக்கு வந்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

வேலம்மா பலகையைத் தட்டிப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் மடியில் வைக்கப் பார்த்த கோழிக்கூடையை ஒரு பார்வையிலேயே கீழே இறக்கினாள். "மூணாங் கிளாசு" என்றாள். இந்த ஜன்மத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அப்போதுதான் கேட்டது.

அவர் உள்ளே நுழைந்து அவளுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. இதை எழுதுகிறவனின் கால்கள் அதைப் பார்த்துவிட்டன. படியில் காலை வைத்துவிட்டான். அப்போது அப்பாசாமி தோளில் கிடந்த துணியை எடுத்து நாலாய் மடித்து இவன் கையில் வைத்தார்.

"ராவுத்தரே, கோவிச்சிக்காதீங்க. இவளத் தனியா விட்டுட்டு இன்னிக்கு என்னால நகர முடியாது. கார்டு இன்னும் பச்சக் கொடி எடுக்கல. இஞ்சின்லேருந்து கடைசி வண்டி வரைக்கும் ஒரு நடை போயித் தொடச்சிட்டு வந்துருங்க. மூணாங் கிளாச மொதல்ல தொடைங்க."